கிழங்குக் குழியும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும்

சந்தை நாள் காலையில் எங்கள் வீட்டு வேலியோரம் நடந்துபோனவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

புருஷன் இடுப்பளவு குழிக்குள் நிற்கிறார். பெண்டாட்டி மேட்டில் நிற்கிறாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய புடவை, தோளில் கைப்பை, கையில் ஓங்கிப் பிடித்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. தலையில் புளிக்கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று பார்த்தாள். நமக்கெதற்கு வம்பு என்று நடையை எட்டிப் போட்டாள்.

நான் அடிக்க ஓங்கவில்லை. போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் நீட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்கள் ஏற்கெனவே என்னைச் சண்டைக்காரி என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"செருப்ப மாட்டுங்க" என்றேன்.

"குழிக்குள்ள செருப்பு ஆவாது" என்றார், நிமிராமலே.

"யார் சொன்னாங்க ஆவாதுன்னு?"

"மலை வழக்கம்மே அது. கெழங்கு வெளையற எடத்துல செருப்போட எறங்கக் கூடாது. நீ டீச்சரு, உனுக்கு இதெல்லாம் தெரியாது. பஸ்ஸு போய்டப் போவுது, கெளம்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனின் சொந்த ஊர் கண்ணமங்கலம். சமவெளியில், தார் ரோட்டோரம், பஸ் புகையில் வளர்ந்தவர். மலையில் பிறந்தவர்கள் வாய் திறக்காத வழக்கத்தையெல்லாம் இவர் எனக்குப் பாடம் நடத்துகிறார்.

வழக்கம் என்றால் வழக்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இவருக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆரணியில் என் பெரியப்பா மகனுக்கு ஒரு முள்தான் குத்தியது. முதலில் விரல் போனது, பிறகு பாதம் போனது, கடைசியில் முட்டி வரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தவள் நான். அதனால் அந்தச் செருப்பை அவ்வளவு சுலபமாகக் கீழே போட என்னால் முடியவில்லை.

பஸ்ஸில் வந்த கிழங்குகள்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையில் பல வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றுவிட்டார். நான் இங்கே அரசுப் பள்ளியில் டீச்சர். எனக்கு இன்னும் ஓய்வு வரவில்லை, எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாலும்.

மலையை விட்டு இறங்க மனசில்லாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டோம். மனசில்லாதது அவருக்கு. எனக்கு மனசு உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

சில டிரைவர்கள் சீட்டாட்டத்தில் விழுவார்கள், சிலர் குடியில். இவர் கிழங்கில் விழுந்தார். பஸ்ஸில் ஏறும் மூட்டைகளில் ஏதாவது ஒரு கோணல் கிழங்கு கண்ணில் பட்டால் போதும், இஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பிவிடுவார். இது எங்கே தோண்டியது, அரிக்குமா, அரிக்காதா, விதைக்கு ஒன்று கிடைக்குமா.

ஒருமுறை கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிரேக் பிடிக்கவில்லையாக்கும் என்று உள்ளே இருந்தவர்கள் சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். இவர் புதருக்குள்ளிருந்து ஒரு காட்டுக்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். யாரோ என்னைத் தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்படிச் சேர்ந்ததுதான் எங்கள் கொல்லை. பெருவள்ளி, காய்வள்ளி, பிடிகருணை, கூவைக்கிழங்கு. புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் யாராவது கொடுத்தனுப்புவது தனி. மாமரத்தில் கொடி, கொய்யாவில் கொடி, துணி காயப்போடும் கம்பியிலும் கொடி. ஒரு நாள் என் உள்பாவாடையைச் சுற்றி ஒரு கொடி ஏறியிருந்தது. அதை அவிழ்க்க விடாமல், கொடி உடைந்துவிடும் என்று சாயங்காலம் வரை காவல் இருந்தார்.

என் அடுப்பு பட்ட பாடு

நட்டது அவர், தோண்டியது அவர், பேர் வாங்கியதும் அவர். சமைத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பிடிகருணையை எடுத்த கையோடு சமைக்கக் கூடாது, சில வாரம் காயப்போட்டு, புளித்தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். இவருக்கு அந்தப் பொறுமை ஏது. முதல் தடவை தோண்டிய அன்றே கேட்டார், நானும் அவசரத்தில் அரைவேக்காட்டில் இறக்கினேன். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. நாக்கை நீட்டிக்கொண்டு ஆளுக்கொரு மோர்ச்சொம்போடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அந்த நிலையிலும் கையை ஆட்டி, ருசி எப்படி என்று கேட்டார். சொம்பை அவர் மேல் வீசாமல் விட்டது என் நல்ல குணம்.

கூவைக்கிழங்கை அரைக்க வேண்டும், கரைக்க வேண்டும், துணியில் வடிகட்ட வேண்டும், தெளியவிட்டு மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கரைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த வேலை பார்த்தால் ஒரு கூடை கிழங்குக்கு அடியில் ஒரு டம்ளர் மாவு தங்கும். அதில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் "உடம்புக்குக் குளுர்ச்சி" என்பார். என் உடம்பு கொதித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

தென்காசிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த வனக்காவலர் ஒருவர் சிறுகிழங்கு விதை கொடுத்தார். கோலிக்குண்டு அளவு இருக்கும். ஒவ்வொன்றாகத் தோல் எடுக்க முடியாது. சாக்குக்குள் போட்டுத் தரையில் தேய்த்தால் தோல் உரியும். நான் தேய்த்தேன். இவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்" என்றார்.

மாகாளி வேர் கதை இன்னும் மோசம். மோரில் ஊறவைத்தால் ஊறுகாய்க்கு நிகரில்லை என்பார்கள். நிகரில்லைதான், வாசனை அப்படி. பள்ளிக்கூடத்தில் நான் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டீச்சர் எழுந்து பெஞ்சைத் திருப்பிப் பார்த்தார், மூட்டைப்பூச்சி எங்கே என்று. அவர் இன்னமும் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெருவள்ளியைத் தோல் சீவி, வழவழப்புப் போக உப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய வில்லைகளாக வெட்டி, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு இரும்புச் சட்டியில் வறுத்தால் எனக்குப் பிடிக்கும். வெளியே மொறுமொறுவென்று, உள்ளே மாவாக. மழை நாளில் ரசத்துக்கு அதுதான் வேண்டும். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் வாசற்படியிலும் நட்டுவிடுவார்.

மண்ணுக்கு அடியில்

சில வருஷத்துக்கு முன்னால் இவருக்குத் தாகம் அதிகமானது. சொம்பு சொம்பாகக் குடித்தார். தாலுகா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டில் கவனமாக இருங்கள் என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

மீதியை ஊர் சொன்னது. பால்காரர் சொன்னார், கண்டக்டர் சொன்னார், என் தம்பி போனில் சொன்னான், வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வரும் பாய் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து சொன்னார். "மண்ணுக்கு அடியில வெளையறது எதையும் தொடக் கூடாது டிரைவரே, அவ்ளோதான்."

உலகத்தில் இவருக்குப் பிடித்ததெல்லாம் மண்ணுக்கு அடியில்தான் விளைகிறது. நான் என்ன செய்ய. சமையலை நிறுத்தினேன்.

"அப்போ வேர்க்கடல?" என்றார்.

"அதுவும் வேணாம்."

"வெங்காயம்? பூண்டு? மஞ்சளு?"

"மஞ்சள யாரும் தட்டு நெறைய வச்சித் திங்க மாட்டாங்க" என்றேன்.

நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சாயங்காலம் வெந்நீர் அடுப்புப் பக்கம் கிழங்கு சுடும் வாசனை. போய்ப் பார்த்தால் சாம்பலைக் கிளறிக்கொண்டிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தேன். கொஞ்சமும் அசரவில்லை.

"இது காய்வள்ளி. கொடியில தொங்கறது. கண்ணால பாரு, மண்ணுல பட்டதே இல்ல. மண்ணுக்கு அடியிலன்னுதானே சொன்னாங்க?"

முப்பது வருஷம் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்கிறேன். இப்படி ஒரு பதிலை எந்தப் பிள்ளையும் எனக்குச் சொன்னதில்லை. அடுத்த முறை ரத்தம் எடுத்தபோது வந்த அளவைப் பார்த்து நர்ஸம்மா என்னைத்தான் திட்டினார்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அவர் தின்ன மாட்டார். ஆனால் நடுவார். விளைந்ததை நான் சமைத்து நானே தின்று எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்ப்பார். "மாவா கீதா? நாரு இல்லியே? போன வருசத்த விட இனிப்பா?" நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, சோற்றுத் தட்டில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். எனக்கு இருந்த ஒரே பயம் அவருடைய கால். அவருக்கு இல்லாத ஒரே பயமும் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

குழிக்குத் திரும்புவோம்

அன்று தோண்டியது பெரிய பெருவள்ளி. மாமரத்தில் ஏறிய கொடி தை மாதத்தில் காய்ந்து சருகாகிவிட்டது. கொடி காய்ந்தால் கிழங்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் விட்டுவைத்தால் காட்டுப்பன்றி மோப்பம் பிடித்துவிடும்.

நான் செருப்பைக் குழியோரம் வைத்துவிட்டுக் கிளம்பத் திரும்பினேன். பின்னால் அவர் சந்தோஷமாக இரைந்தது கேட்டது. கிழங்கு முழுசாக வந்துவிட்டது. கொடி முளைக்கும் தலைப்பாகத்தை வெட்டி அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினார். மீதியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே ஏறி, துவைக்கிற கல்லுக்குப் போனார்.

அதுவரைக்கும் சிமெண்டுத் தரை. அந்தத் தரையில் அவர் போன வழியெல்லாம் சிவப்பாக ஒரு காலின் தடம்.

முதலில் செம்மண் என்று நினைத்தேன். செம்மண் அப்படிப் பளபளக்காது.

அவர் பாட்டுக்குத் தண்ணீரை ஊற்றிக் கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். இடது கால் பெருவிரல் நகம் பிளந்து திறந்திருந்தது. கடப்பாரை இறங்கியிருக்கிறது. கழுவிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. அதையும் அவர் பார்க்கவில்லை.

"வலிக்கலிங்களா?" என்றேன்.

"இன்னா வலிக்கலியா?"

காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குளுரு. மரத்துப் பூடிச்சு" என்றார்.

குளிர் இருந்தது உண்மைதான். நானும் நம்பினேன். அவரைக் கல் மேல் உட்காரவைத்து முந்தானையால் விரலை இறுக்கிப் பிடித்தேன். அப்போது அடுத்த கொல்லையிலிருந்து சாமிக்கண்ணு ஓடி வந்தார். சாமிக்கண்ணு இந்த மலையிலேயே பிறந்தவர், சாமையும் புளியும் அவருடைய பிழைப்பு. வந்த கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினேன்.

"உங்க மலை வழக்கத்தால வந்தது இது. கெழங்குக் குழியில செருப்பு போடக் கூடாதுன்னு யாரு இவருக்குச் சொல்லிக் குடுத்தது?"

சாமிக்கண்ணு திகைத்துப் போய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்டி ஒண்ணும் எங்களுக்கு இல்லீங்களே டீச்சர். களத்துல கழட்டுவோம், சாமி கொல்லையில கழட்டுவோம். கெழங்கு தோண்டறதுக்கு இன்னாத்துக்குங்க?"

அப்போதுதான் பார்த்தேன். சாமிக்கண்ணு முட்டி வரை கறுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

என் வீட்டுக்காரர் கிழங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பிடிவாதத்துக்கு ஒரு பொய், அதற்கு மலை ஜனங்களின் பெயர். கட்டுப் போட்டுவிட்ட தாலுகா ஆஸ்பத்திரியில், வேலூருக்குப் போய்க் காலை மட்டும் பார்க்கும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார்கள். விரல் கறுத்தால் எடுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு முடிவு எடுத்தேன். கொல்லையை ஒழித்துக்கட்டிவிட்டுச் சிமெண்டு போட்டுவிடுவது. அதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

"கண்ண மூடிக்குங்க சார்"

வேலூர் டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டைப் பிரித்துப் பார்த்தார். காப்பாற்றலாம், ஆனால் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு புகாரை ஆரம்பித்தேன். கிழங்கு, குழி, அடுப்பு, காய்வள்ளி, எல்லாம். மண்ணுக்கு அடியில் விளைவதைத் தொடக் கூடாது என்று நீங்களே இவருக்குச் சொல்லுங்கள் என்றேன்.

"அப்படின்னு யார் சொன்னாங்க மேடம்? சோத்தைக் குறைச்சிட்டு, அதுக்குப் பதிலா அளவா ரெண்டு துண்டு சாப்பிடலாமே" என்றார் டாக்டர்.

பிளந்த விரலோடு உட்கார்ந்திருந்த மனுஷன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. பால்காரர், கண்டக்டர், தம்பி, பாய், இத்தனை பேர் பேச்சைக் கேட்டு வருஷக்கணக்கில் காவல் காத்தவள் நான். ஒரு டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை.

"கண்ண மூடிக்குங்க சார்" என்றார் டாக்டர். கையில் மெல்லிசாக ஒரு நைலான் இழை வைத்திருந்தார். "இதால பாதத்தில அங்கங்க தொடுவேன். தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் பெருவிரலின் அடியில் தொட்டார்.

"தெரிது" என்றார்.

குதிகாலில் தொட்டார். "தெரிது."

நடுப்பாதத்தில் தொட்டார். "தெரிது."

வரிசையாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பரவாயில்லையே என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், டாக்டரின் கை நின்றுவிட்டிருந்தது. இழை காலுக்குப் பக்கத்திலேயே இல்லை.

"தெரிது" என்றார்.

டாக்டர் இழையை மெதுவாக மேஜை மேல் வைத்தார். என்னைப் பார்த்து, பேச வேண்டாம் என்று தலையசைத்தார்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒரே சீரான இடைவெளியில் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "தெரிது. தெரிது."

"போதும் சார், கண்ணத் திறங்க" என்றார் டாக்டர். குரல் மெதுவாகிவிட்டது. "நடக்கறப்போ செருப்பு கழண்டு விழுந்து, அது தெரியாம நடந்து போயிருக்கீங்களா?"

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணத்திலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார். ஒரு செருப்பை மட்டும் எவன் எடுப்பான், சுய நினைவு வேண்டாமா என்று பஸ்ஸில் எல்லோர் காதும் கேட்கத் திட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில்

மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கட்டுப்போட்ட காலை என் கைப்பை மேல் தூக்கி வைத்தேன்.

"எப்போலேர்ந்துங்க?" என்றேன்.

"போன வருசம். மழைக்கு முன்னாடி."

"பஸ் ஓட்டறப்போ?"

"ச்சே. அப்போ பிரேக்கு மேல ஈ குந்தினாகூட தெரியும்" என்றார். அதில் மட்டும் அவருக்குக் கோபம் வந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? கொல்லைய மூடிடுவ."

சிமெண்டு மூட்டைக்குச் சொல்லிவைத்துவிட்டுத்தான் மலை இறங்கியிருந்தேன்.

"செருப்பு போட்டுகினு நடந்தா எங்கியோ கழண்டுக்குது" என்றார். "ஒரு வாட்டி சந்தையில, ஒரு பொம்பள என் செருப்ப கையில எடுத்துகினு பின்னாலயே வர்றா. ஐயா ஐயான்னு கூப்புட்றா. எல்லாரும் பாக்கறாங்க. நான் ஓட்ன பஸ்ஸுல வந்த ஜனம். அதான் வழக்கம் அது இதுன்னு எதுனா ஒண்ணு சொல்ட்டேன்."

பிறகு குனிந்து, கெண்டைக்காலின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"குழிக்குள்ள நின்னு மண்ணத் தள்ளுனா இதுவரிக்கும் மண்ணு மூடுது. தோ, இங்க ஜில்லுனு கீது. அது ஒண்ணுதான்மே தெரிது. அப்போதான் எனுக்குக் கால் கீதுன்னு தோணுது."

எனக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் அழுவது எனக்குப் பிடிக்காது. அதனால் திட்டினேன். இத்தனை மாதம் வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று ஆரம்பித்து, பிறந்த வீட்டுக் கதை வரைக்கும் போனேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். பஸ் வந்ததும் அவர், "ஏறலாமா, மீதிய மலையில வச்சுக்கலாமா?" என்றார்.

பெருவள்ளி வெந்துகொண்டிருக்கும்போது

விரல் தப்பித்தது. நகம் கோணலாக முளைத்திருக்கிறது. சிமெண்டு மூட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்னால் வார் வைத்த, உள்ளே மெத்தென்ற செருப்பு வாங்கியிருக்கிறோம், அது கழண்டு விழாது. அதைப் போட்டுக்கொண்டால்தான் கொல்லைக்கு வழி விடுவேன். குழி தோண்ட இனி சாமிக்கண்ணு. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, சாமிக்கண்ணு பிறந்ததிலிருந்து செய்துவரும் வேலையை அவருக்கே சொல்லிக்கொடுக்கிறார். அவர் எப்படிப் பொறுத்துக்கொள்கிறாரோ தெரியவில்லை.

சோற்றைப் பாதியாக்கிவிட்டு இரண்டு துண்டு கிழங்கு வைக்கிறேன். மூன்றாவது துண்டுக்கு நடக்கும் சண்டையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

தினமும் சாயங்காலம் அவருடைய இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு விடாமல் பார்க்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு முக்காலி போட்டு அதன்மேல் காலை வைக்கச் சொல்லி, நான் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே அழுத்திக் கேட்கிறேன். பொய் சொன்னால் சிமெண்டு என்று மிரட்டி வைத்திருப்பதால் உண்மையைச் சொல்கிறார்.

நேற்றும் அப்படித்தான். அடுப்பில் பெருவள்ளியை வேகவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பெருவிரலை அழுத்தினேன்.

"தெரியுதா?"

"இல்ல."

உள்ளங்காலை அழுத்தினேன்.

"இல்ல."

கணுக்காலைப் பிடித்தேன். கொஞ்சம் யோசித்தார்.

"இல்லம்மே."

கேட்டது நான்தான். உண்மையைச் சொல்லச் சொன்னதும் நான்தான். ஆனாலும் ஒரு தடவையாவது தெரியுதுன்னு சொல்லித் தொலைங்களேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கையை மேலே கொண்டுபோனேன். கெண்டைக்காலின் பாதி. இல்லை. அதற்கும் மேலே, முட்டிக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையை வைத்தேன்.

"தோ" என்றார்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். உன் கை. சூடா கீது."

கையை எடுக்கவில்லை. அவரும் காலை நகர்த்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிப் பக்கம் மூக்கை உறிஞ்சினார்.

"கெழங்கு அடி புடிக்குது. போய்ப் பாரு."

"புடிக்கட்டும்" என்றேன்.